சனிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்

பனியன் கம்பெனி அக்கா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். மாமியார் சண்டை, மகனுக்கு எந்தக் காலேஜ், மூட்டு வலிக்கு என்ன எண்ணெய் என்று வழக்கமாக வருகிற கேள்விகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் ஒரே கேள்வி, வேறு வேறு கையெழுத்தில். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்காக்காரன் நம் சரக்குக்குப் போட்ட வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து திருப்பூரில் யார் வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பேச்சுதான். தீபாவளி வேறு நெருங்குகிறது. ஆகவே மூட்டு வலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989இல் பதினாறு வயதில் கைமடியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்கிக் கொடுக்கிற வேலை அது. அப்புறம் செக்கிங், சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ் என்று ஏறி, புரொடக்‌ஷன் மேனேஜராக 2023இல் வீட்டுக்கு வந்தேன். நிர்வாகம் பற்றிய புத்தகம் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. கண்டதைத்தான் சொல்வேன்.

கேள்வி: பெருமாநல்லூர் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில், அதாவது தையல் வரிசையில், 38 பேர். சரக்கு வாங்குகிற அமெரிக்க பையர் இரண்டு ஆர்டர்களை நிறுத்திவைத்துவிட்டார். “ஆட்களிடம் எதுவும் மூச்சு விடாதே, உற்சாகமாக வேலை வாங்கு” என்கிறார் முதலாளி. “தீபாவளி முடிந்து வேலை இருக்குமா அண்ணா?” என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

தம்பி, உங்கள் முதலாளி பூட்டி வைத்திருக்கிற ரகசியம் எப்போதோ வெளியே போய்விட்டது. அட்டைப்பெட்டி லோடு வரவில்லை என்றால் பேக்கிங்கில் இருக்கிற பெண்ணுக்கு அன்றைக்கே தெரியும். கட்டிங் மாஸ்டர் காலை பதினோரு மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் தளம் முழுவதற்கும் தெரியும். மிச்சம் மீதியை எதிர் பேக்கரியில் டீ குடிக்கும்போது கம்பெனி டிரைவர் சொல்லிவிடுவார். செய்தி தெரிந்துகொண்டுதான் உங்களிடம் வந்து கேட்கிறார்கள். இந்த அண்ணன் நம்மிடம் உண்மை பேசுகிற ஆளா என்று சோதித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பரீட்சையில் ஒருமுறை நான் தோற்றிருக்கிறேன். அதை எழுதாமல் உங்களுக்குப் புத்தி சொன்னால் எனக்கே பொறுக்காது.

2008. செப்டம்பர் நடுவில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்தது. எங்களுக்கு அந்தப் பெயரை உச்சரிக்கவே தெரியாது. ஆனால் மூன்றாவது வாரத்தில் பையர்களிடமிருந்து “தள்ளிவையுங்கள்” என்று மெயில் வர ஆரம்பித்துவிட்டது. நான் அப்போது 140 பேர் வேலை செய்த ஒரு தளத்துக்கு இன்சார்ஜ். அக்டோபர் கடைசியில் தீபாவளி. “அதுவரை வாயைத் திறக்காதே அம்மணி, ஷிப்மென்ட் போகட்டும்” என்றார் முதலாளி. கெட்டவர் இல்லை, அவருக்குப் பயம். நானும் கேட்டவர்களிடமெல்லாம் “ஜனவரியில் ஆர்டர் வந்து குவியப்போகிறது பாருங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான், ஓவர்லாக் டெய்லர். தோள்பட்டை இணைத்தான் என்றால் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து தனியாகக் கேட்டான்: “அக்கா, பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்து ஒரு லைன் வீடு பார்த்திருக்கிறேன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா?” நான் தட்டிலிருந்து நிமிராமல், “தாராளமாகக் கூட்டி வா” என்றேன். ஜனவரியில் நான்கு லைனில் இரண்டை மூடினார்கள். அவன் இருந்த லைனும் போனது. கணக்குத் தீர்த்த அன்று அவன் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. “நீங்கள் சொன்னீர்களே அக்கா” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளியை மீறிக்கொண்டு பேசச் சொல்லமாட்டேன். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அவரிடம் போய், “எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். கையில் இருக்கிற ஆர்டர் எந்தத் தேதி வரை ஓடும், அதுவரை சனிக்கிழமைச் சம்பளம் தவறாது, இந்த இரண்டை மட்டும் சொல்ல விடுங்கள்” என்று கேளுங்கள். பாதியில் ஆட்கள் ஓடிவிடுவார்களே, ஷிப்மென்ட் நின்றுவிடுமே என்று அவர் பயப்படுவார். நியாயமான பயம்தான். ஓரிருவர் போகத்தான் செய்வார்கள். 2022 மே மாதம் நூல் விலை தாங்க முடியாமல் ஊரில் கம்பெனிகளெல்லாம் இரண்டு நாள் கதவடைத்தோமே, அந்தச் சமயத்தில் நான் என் தளத்தில் நிலைமையை உள்ளபடி சொன்னேன். மறுநாளே இரண்டு பேர் வேலையை விட்டு நின்றார்கள். மற்றவர்கள் இருந்து ஷிப்மென்ட்டை முடித்துக் கொடுத்தார்கள். ஒளித்து மறைத்த கம்பெனிகளில் அதைவிட அதிகம் பேர் போனார்கள் என்று கேள்விப்பட்டேன், ஆனால் அதற்கெல்லாம் என்னிடம் கணக்கு இல்லை.

அனுமதி கிடைத்தால் திங்கட்கிழமை காலை மெஷின் போடும் முன்பே சொல்லுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். கவரை வாங்கியவன் காதில் வேறு எதுவும் ஏறாது, வீட்டுக்குப் போய் ஞாயிறு முழுவதும் அதையே நினைத்துக் குமைவான். இன்னொன்று: வரி என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லுங்கள். தைக்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்கிற மேனேஜர்கள், பீஸ் ரேட்டில், அதாவது ஓர் உருப்படிக்குக் கொடுக்கிற கூலியில், பத்துப் பைசா குறைத்துப் பார்க்கட்டும், எவ்வளவு புரிகிறது என்று தெரியும். 2025இன் இந்த வரிக் கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டுங்கள். நாம் ஐந்து டாலருக்கு அனுப்புகிற டி-ஷர்ட் அங்கே போய் இறங்கும்போது, ஏற்கெனவே உள்ள சுங்க வரிக்கு மேல், இந்தப் புது வரியே இரண்டரை டாலர். அதே சட்டையை வங்கதேசத்துக்காரனோ வியட்நாம்காரனோ அனுப்பினால் 20 சதவீதம், அதாவது ஒரு டாலர். பையர் ஏன் நம்மை விட்டுவிட்டு அங்கே போகிறான் என்று யாரும் அப்புறம் கேட்கமாட்டார்கள். நம் தையல் மோசம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் மனது ஆறும். அப்படி நினைக்கிறவர்கள் நிறைய உண்டு தம்பி. ஆர்டர் நின்றால் நல்ல டெய்லர் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

“தீபாவளிக்குப் பிறகு?” என்று கேட்டால், “தெரியாது. தெரிந்த அன்றைக்கே உங்களுக்குச் சொல்வேன்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் மரியாதை குறையாது. சொன்னபடி அந்த நாளில் சொல்லாமல் விட்டால் மட்டும் குறையும்.

கேள்வி: அவினாசியில் அப்பா நடத்திய, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டை இன்ஜினியரிங் முடித்துவிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன். 22 பேர். வேலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஏழு பேரை நிறுத்தலாமா, இல்லை எல்லாருக்கும் நாளைக் குறைக்கலாமா? யாரையும் இழக்க மனமில்லை.

மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் கணக்கை மனதால் போட முடியாது, நோட்டில் போடுவோம்.

22 பேர், வாரம் ஆறு ஷிப்ட் என்றால் 132 ஷிப்ட். உங்களிடம் இருப்பது 88. எல்லாருக்கும் பிரித்தால் ஆளுக்கு நான்கு நாள். ஷிப்ட்டுக்கு 500 ரூபாய் வாங்குகிற டெய்லருக்கு வாரம் இரண்டாயிரம். அதில் வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், குழுக் கடன். ஒரு மாதம் தாங்குவார். ஆறு வாரம், பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கு மேல் நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை, அவராகவே போய்விடுவார். யார் முதலில் போவார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் யூனிட்டின் மிகச் சிறந்த கை. அவருக்குத்தான் வெளியே உடனே வேலை கிடைக்கும். ‘எல்லாருக்கும் சமமாகக் குறைத்தேன்’ என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது யூனிட் உள்ளிருந்து காலியாகும்.

ஆகவே நாளைக் குறைப்பதாக இருந்தால் கெடு வைத்துக் குறையுங்கள். “தீபாவளி வரை நான்கு நாள், அதற்கு அடுத்த திங்கட்கிழமை மறுபடி உட்கார்ந்து பேசுவோம்” என்று தேதியோடு சொல்லுங்கள். உங்கள் வீட்டுச் செலவையும் குறைத்திருக்கிறீர்களா என்று அவர்கள் பார்ப்பார்கள். புதுக் கார் வாங்குகிற யோசனை இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றால் யூனிட் வாசலிலாவது நிறுத்தாதீர்கள்.

‘சமம்’ என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களிடம் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே வேலை செய்கிற குடும்பங்கள் இருக்கும். ஆளுக்கு நான்கு நாள் என்றாலும் அந்த வீட்டில் எட்டு ஷிப்ட் சம்பளம் நுழையும். தனியாளாகப் பிள்ளை வளர்க்கிற பெண்ணுக்கு நான்குதான். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவர்களிடமே பேசுங்கள். நான் அப்படித்தான் ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பதுகூடத் தப்பு, அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் கழிவு கலக்கிற விவகாரத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை ஒரே அடியாக மூடினார்கள். ஆறு செத்துக்கொண்டிருந்தது, உத்தரவில் தப்பில்லை. ஆனால் எங்களுக்குத் துணி இல்லை. ஆர்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறார், மெஷின் இருக்கிறது, சாயம் போட்ட துணி மட்டும் இல்லை. வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வரவழைத்தோம். வந்தது பாதி நாள் வேலைக்குத்தான் போதும். எல்லாரையும் உட்கார வைத்து, “இதுதான் நிலைமை, யாருக்கு என்ன முடியும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் உசிலம்பட்டிக்கார அம்மா ஒருவர், “ஊரில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறேன். வந்தால் என் மெஷின் எனக்கு வேண்டும்” என்றார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் எழுந்தார்கள். ஒருவருக்கு ஊரில் கோயில் திருவிழா, ஒருவருக்கு வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும்.

ஆறு பேர் பெயரையும் நோட்டில் எழுதி, திரும்பி வரும் மாதத்தைப் போட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன். அந்த அம்மாவின் ஃப்ளாட்லாக் மெஷினைப் பழைய துணியால் போர்த்தி, மேலே சாக்குக்கட்டியில் அவர் பெயரை எழுதி வைத்தோம். மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். தினமும் பார்ப்பார்கள். ஆறில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். போர்வையை அந்த அம்மாவே எடுத்து உதறினார். தூசி பறந்து தளமே தும்மியது.

இத்தனைக்கும் பிறகு நிறுத்தத்தான் வேண்டும் என்றால், உங்களுக்குப் பிடிக்காதவர்களைப் பொறுக்கி எடுக்காதீர்கள். சட்டமே வழி சொல்கிறது: கடைசியாகச் சேர்ந்தவர் முதலில். ஒரு வருடம் வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மறுபடி ஆள் எடுக்கும்போது அவர்களுக்கே முதல் உரிமை. ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இதெல்லாம் கிடையாது என்று யாராவது ஆடிட்டர் சொன்னால் வேறு ஆடிட்டரைப் பாருங்கள். தீபாவளி போனஸும் அப்படித்தான். 8.33 சதவீதம் என்பது நஷ்டமான வருடத்திலும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம். அதைத் தள்ளிப்போடுவதைவிட நகையை அடகு வையுங்கள். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அவர் வைத்திருப்பார்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் நான்தான் எச்.ஆர். பணியாளர்களின் மனநிலையை உயர்த்த ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைக்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு 20,000 ரூபாய் கேட்கிறார். நல்ல யோசனையா?

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஷிப்ட் சம்பளம் உண்டா, இல்லை பிடித்துக்கொள்வீர்களா? அதை முதலில் சொல்லுங்கள், அம்மணி. எங்கள் கம்பெனிக்கும் ஒருவர் வந்தார். எல்லாரையும் எழுந்து நின்று “என்னால் முடியும்” என்று மூன்று முறை கத்தச் சொன்னார். கத்தினோம். பின்வரிசையில் இருந்த அயர்னிங் பெரியவர், “முடியும் சாமி, கரண்ட் இருந்தால்” என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு வேண்டுமானால் அந்தப் பணம் தகும். உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு பி.எஃப். என்கிற சேமநிதிக் கணக்கில் பெயர் தப்பாக ஏறியிருக்கிறது, இ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக் கார்டில் பிள்ளைகளின் பெயர் சேராமல் கிடக்கிறது என்று பாருங்கள். கஷ்ட காலத்தில் அவர்கள் முதலில் தேடிப் போவது அந்த இரண்டைத்தான். அதைச் சரிசெய்து கொடுத்தால் மனநிலை தானாக உயரும், செலவும் இல்லை.

கேள்வி: சிக்கன நடவடிக்கை என்று மாலை நான்கு மணி டீயையும் வடையையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நாங்கள் 40 பேர். சின்ன விஷயம்தானே என்கிறார் மேனேஜர்.

சின்ன விஷயமா? டீ, வடை சேர்த்து ஆளுக்கு 15 ரூபாய் என்று வையுங்கள். 40 பேருக்கு நாளைக்கு 600, மாதம் 26 நாளுக்கு 15,600. முதலாளி கண்ணுக்கு அது மிச்சம். இனி மறுபக்கம். காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற உடம்பு நான்கு மணிக்குத்தான் தளரும். கண் சொக்கும், கையில் துணி நழுவும். நான் செக்கிங்கில் இருந்த காலத்தில் ஆல்டர் பீஸ், அதாவது தையல் தவறிய உருப்படிகள், கட்டுக் கட்டாக வருவது மூன்றரைக்கு மேல்தான். பிரித்துத் திரும்பத் தைக்கிற செலவு 15,600க்குள் அடங்குமா என்று மேனேஜரையே கேளுங்கள்.

செலவை விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் வாரம் ஒரு ஷிப்ட் குறைத்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. காலம் அப்படி என்றார்கள். இரண்டாவது வாரம் வடையை நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் தளம் கொதித்தது. ஷிப்ட் குறைந்தது அமெரிக்காக்காரனால். வடையை நிறுத்தியது நம் முதலாளி. வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்தது. வேண்டுமானால் வடையை விட்டு பிஸ்கட்டுக்கு மாறுங்கள், டீயில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: என் லைனில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இந்த முறை திரும்பி வரமாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பிடித்து வைப்பது? – நல்லூர் வாசகர்

பிடித்து வைக்கிற பேச்சையே விடுங்கள். ஆதார் கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பது எல்லாம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அது திருட்டு. அப்படி வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒருமுறை ஆள் வரும், அடுத்த முறை அவன் கிராமத்திலிருந்தே யாரும் வரமாட்டார்கள்.

பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை அது முடிந்து ஆறாம் நாள் வருகிற சத் பூஜை. ஆகவே தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் வந்துவிடு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவான், வரமாட்டான், நீங்கள் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள். பூஜை முடித்து, ரயிலில் வருகிற நாட்களையும் சேர்த்து, நவம்பரில் ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் வேலை உறுதியாக இருக்கிறவர்களுக்கு மட்டும் தேதி கொடுங்கள். மற்றவர்களிடம் “போன் செய்த பிறகு வா” என்று சொல்லிவிடுங்கள். தன்பாத் ரயிலில் கழிப்பறைப் பக்கம் உட்கார்ந்து இரண்டு நாள் வந்த பிறகு, “வேலை இல்லை, போ” என்றால் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

2020இல் ஊரடங்கின்போது எங்கள் விடுதியில் அறுபது பேர் மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் போகத் துடித்தார்கள். “போய் வாருங்கள்” என்று முழுக் கணக்கையும் தீர்த்து, வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தோம். புளிச்சோறு அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது, அது வேறு. மாஸ்க் தைக்கிற வேலை வந்தபோது கூப்பிட்டோம். முதலில் போனை எடுத்தவனைப் பெயர் சொல்லி விசாரித்தேன். எல்லாரும் அவர்களை ‘பையா’ என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் தெரியாது. நான் அறுபது பெயரையும் எழுதி வைத்துப் படித்தவள். என் இந்தி ‘சீதா சிலாய்’ அளவுக்கு மேல் போகாது. நேராகத் தை என்று அர்த்தம். அது போதுமாக இருந்தது.

கேள்வி: என் லைனில் கெட்டிக்கார சிங்கர் மெஷின் டெய்லர் ஒருவர் எதிர் கம்பெனியில் ஷிப்ட்டுக்கு 30 ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று போகிறார். ஐந்து வருடப் பழக்கம். நன்றி வேண்டாமா?

வாரம் 180 ரூபாய். அவர் வீட்டுப் பால் கணக்கு அதில் அடங்கும். நன்றியை இதில் இழுக்காதீர்கள், வாசல் வரை போய் வழியனுப்புங்கள். எதிர் கம்பெனி ஆர்டர் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அவர் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும், இரண்டு பேருக்குமே.

கேள்வி: பல்லடத்தில் செக்கிங் சூப்பர்வைசர் நான். முப்பது பெண்கள். எல்லாருக்கும் தைரியம் சொல்லிச் சொல்லி எனக்கே தூக்கம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். என் வேலையும் நிலைக்குமா என்று தெரியவில்லை. எனக்கு யார் தைரியம் சொல்வது அக்கா?

இந்தக் கடிதத்தைக் கடைசியில் வைத்தேன், கண்ணு. பதில் சொல்லத் தெரியாததால்தான்.

நானும் அந்த இரண்டு மணியைப் பார்த்தவள். 2009இல் ஆட்களை நிறுத்திய மாதங்களில் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வந்து விளக்கைப் போட்டு, “யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?” என்றார். நாளைக்கு யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் சத்தமாக. அவர் ஒன்றும் சொல்லாமல் பால் காய்ச்சினார். அந்த மனிதர் அடுப்பைப் பற்றவைத்ததை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். பொங்கி வழியவிட்டார்.

தைரியம் சொல்வதை நிறுத்திப் பாருங்கள். முப்பது பேருக்கும் நீங்கள் தைரியம் கொடுத்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நீங்களே சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன், 2011இல். சாயப் பட்டறை மூடிய சமயம். “என் சம்பளத்துக்கும் உறுதி இல்லை” என்றேன். அதுவரை என் முன்னால் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சப்பட்ட பெண்கள் அன்றைக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தன் கொள்ளுப் பருப்பை என் தட்டில் வைத்தாள். அதற்கு முன் இருபது வருடத்தில் யாரும் என் தட்டில் எதுவும் வைத்ததில்லை.

உங்கள் கம்பெனிக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள் இந்த வாரமே எழுதிப் பாருங்கள்: வேலை போனால் எத்தனை மாதம் ஓடும், எந்தக் கடனை முதலில் அடைப்பது, யாரிடம் கேட்கலாம். எழுதுவதற்கு முன் மலையாகத் தெரிகிறது, எழுதினால் மூன்று மாதம் பத்து நாள் என்று ஓர் எண் வரும். எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, இரவு இரண்டு மணிக்கு அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வரும் வழியில் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். முகவரியை மறந்துவிட்டீர்கள் இந்த முறை; இருந்திருந்தால் பத்திரிகைக்குக் காத்திருக்காமல் நேரே பல்லடம் பஸ் ஏறியிருப்பேன்.